நீல ஏரோகிராமில் ஒரு சதுர ஓட்டை

ஹாலந்தில் இருக்கும் ஒரு கால்பந்து கிளப் சாம்பியன் ஆகுமா ஆகாதா என்று தாம்பரத்தில் ஒருத்தி தூக்கம் கெட்டுக் கிடந்தாள் என்றால் இன்றைக்கும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த ஒருத்தி நான்தான்.

எழுபதுகளின் தொடக்கம். குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். எங்கள் சர்ச் சபைப் பத்திரிகையில் வந்த பேனா நண்பர்கள் பட்டியலில் ஒரு ஹாலந்துக்காரி கிடைத்தாள். அவளும் டீச்சர். பந்தைக் காலால் தொட்டுக்கூடப் பார்க்காத எனக்கு, தன் ஊர் கிளப் யாரை ஜெயித்தது, யாரோடு டிரா செய்தது, பட்டியலில் எத்தனையாவது இடம் என்று விடாமல் எழுதுவாள். அவளுடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போலவே தட்டுத்தடுமாறும் என்பதால் எல்லாம் புரிந்தது. போகப்போக ஞாயிறு ஆராதனையில் என் ஜெப விண்ணப்பங்களோடு அந்தக் கிளப்பையும் சேர்த்துக்கொண்டேன். அப்பா, அண்ணனோடு இருந்த வீட்டில் எனக்கே எனக்கென்று வந்தவை அந்தக் கடிதங்கள் மட்டும்தான்.

கடைசி மேட்சுக்கு முன்னால் அவளுடைய கிளப்பும் இன்னொரு கிளப்பும் சமமான பாயிண்டில் நின்றன. முடிவை அடுத்த கடிதத்தில் சொல்கிறேன் என்று எழுதியிருந்தாள்.

அந்தக் கடிதம் வந்த அன்று நான் ஸ்கூலிலிருந்து வருவதற்குள் அண்ணன் அதைப் பிரித்துவிட்டான். அவனுக்கு ஸ்டாம்ப் சேர்க்கும் பைத்தியம். உறையில் ஒட்டியதை வெட்டி எடுத்துக்கொள் என்று நான்தான் இடம் கொடுத்திருந்தேன். ஆனால் இந்த முறை வந்தது ஏரோகிராம். தாளேதான் உறை. ஸ்டாம்ப் அதிலேயே அச்சாகியிருக்கும், அதன் முதுகில் கடிதத்தின் எழுத்து இருக்கும். அந்த மகானுபாவர் கத்தரியை எடுத்துச் சதுரமாக வெட்டியிருந்தார். 'கடைசி மேட்சில் நாங்கள்' என்பதற்குப் பிறகு ஓட்டை.

"யாரைக் கேட்டு இதைப் பிரிச்சே? அந்தத் துண்டைக் குடு."

"தண்ணியில ஊறுது. பின்னாடி பேப்பர் கழண்டு வரும்னு போட்டேன், வரமாட்டேங்குது."

கிண்ணத்தைப் பார்த்தேன். அவளுடைய மை கரைந்து தண்ணீர் நீலமாகியிருந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும் அளவுக்குக் கத்தினேன்.

"ஒரு ஃபுட்பால் ஸ்கோருக்கா இந்த ஆர்ப்பாட்டம்? அண்ணன்கிட்ட சாரி சொல்லு" என்றார் அப்பா.

சொன்னேன். என் கடிதத்தை வெட்டியவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன்.

இரண்டு நாள் கழித்து நூலகத்தில் பழைய ஆங்கிலப் பேப்பர்களைப் புரட்டி, ஒரு மூலையில் இரண்டு வரிச் செய்தியைக் கண்டுபிடித்தேன். ஜெயித்துவிட்டார்கள். உடனே வாழ்த்து எழுதிவிட வேண்டும் என்று வீட்டுக்கு ஓடி வந்து, அந்தக் கடிதத்தை அப்போதுதான் நிதானமாக முழுவதும் படித்தேன். அன்றைக்கு இருந்த கோபத்தில் ஸ்கோர் இருந்த வரியைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை. அந்த வரிக்கு இரண்டு வரி கீழே, 'அடுத்த வாரம் வேறு ஊருக்கு மாற்றல். இனி நீ எழுத வேண்டிய முகவரி' என்று இருந்தது. அதுவும் ஓட்டையில் போய் முடிந்தது.

பழைய முகவரிக்கே எழுதினேன். சில மாதங்கள் கழித்து, புரியாத மொழியில் முத்திரை குத்தி அது திரும்பி வந்தது. எனக்கு முன்னால் அண்ணன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சே, நம்ம ஊர் ஸ்டாம்ப்தான்" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.