ஆமென் நீக்கிய பாட்டு

என் மேசை இழுப்பறையில் ஒரு கறுப்புப் பஞ்சு உறை கிடக்கிறது. மைக்கின் தலையில் மாட்டுவது. பெரிய எலுமிச்சம்பழ அளவு; அடியில் இரண்டு இடத்தில் கிழிசல். நான்கு பேர் அதன் எதிரே நின்று ஏறக்குறைய ஒரு வருடம் பாடினோம். பாடினோம் என்று நாகரிகமாகச் சொல்கிறேன். நான்கு பேர் அதன்மேல் எச்சில் தெறிக்கவிட்டோம் என்பதே சரி. மூக்கருகே கொண்டுபோனால் முதலில் காயாத துணியின் வீச்சம், அடுத்து பூண்டு, அதற்கும் அடியில் கிராம்பு. பூண்டு என்னுடையது, இரத்த அழுத்தத்துக்காகக் காலையில் இரண்டு பல் மெல்கிறேன். கிராம்பு டீச்சருடையது, தொண்டைக்காக எப்போதும் வாயில் ஒன்றை அடக்கியிருப்பார்.

டீச்சர் எங்கள் ஆலயத்தின் பாடகர் குழுவை, கொயரை, நடத்தியவர். மிஷன் பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மில்லின் நூல் சோதனை அறையில் காலம் தள்ளியவன். எண்ணுவதே பிழைப்பாக இருந்ததால் எதைக் கண்டாலும் எண்ணிவிடுவேன். கொயரில் பேஸ் எனும் அடிக்குரலுக்கும் அதுதான் வேலை. மற்றவர்கள் இனிமையாகப் பாடிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு முறை வரக் காத்திருப்போம்.

நோய்த்தொற்றால் ஆலயம் பூட்டிக் கிடந்த மாதங்களில் டீச்சர் வீட்டில் தனியாக உட்கார்ந்து ஜப்பானிய அனிமே தொடர்களைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார். கதவு திறந்ததும் கையில் தாள்களோடு வந்தார். அந்தத் தொடர்களில் வரும் பாட்டுகளை நான்கு குரலுக்குப் பிரித்து, ஜப்பானிய வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தார். பேத்தியின் கைபேசியில் அந்தப் படங்களை நானும் பார்த்தேன். முகத்தில் பாதிக்குக் கண், மூக்கு இருக்குமிடத்தில் ஒரு புள்ளி, எதற்கெடுத்தாலும் அழுகை. கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"டீச்சர், இது பசங்க பாக்கற பொம்மைப் படத்துப் பாட்டுங்க. நமக்கு எதுக்குங்க?" என்றேன்.

"பொம்மைய யாருங்கண்ணா பாக்கறது? நான் கண்ண மூடிட்டுத்தான் கேக்கறேன். நம்ம பாட்டெல்லாம் கடைசியில ஊட்டுக்கு வந்து சேர்ந்துரும். இது வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராம நிக்குது பாருங்க. அந்த நிக்கறதுதான் எனக்கு வேணும்."

"வாசல்ல வந்து நின்னுட்டு உள்ள வராதது மரியாதை இல்லீங்க" என்றேன். பெண்களில் தாழ்ந்த குரலான ஆல்ட்டோ பாடும் நர்ஸம்மா சிரித்துத் தாளைக் கீழே போட்டுவிட்டார். பேஸ் பாகத்தை என் குரலுக்கென்றே எழுதி முடித்தாயிற்று என்று டீச்சர் சொன்னார். வேறு பேஸ் எங்கள் கொயரில் கிடையாது. ஒத்திகைக்குப் போனேன்.

நான்காவது குரல் பாயுடையது. காந்திபுரத்தில் ஆம்ப்ளிஃபயர் கடை வைத்திருந்தார். ஆலயத்து ஸ்பீக்கர்களைப் பழுது பார்க்க வந்த இடத்தில் அவர் முணுமுணுத்ததைக் கேட்டு, ஆண்களில் உயர்ந்த குரலான டெனருக்கு டீச்சர் பிடித்துப்போட்டார். தாள் பார்த்துப் பாடத் தெரியாது. ஒருமுறை கேட்டால் போதும். அவர் கடைக்கு மேலே இருந்த அறையில்தான் ஒலிப்பதிவு. டவுன் பஸ் ஹாரன் உள்ளே வராமலிருக்கச் சுவர் முழுக்க பழைய மெத்தைகள். எந்த லாட்ஜிலிருந்து வந்தவையோ, அவற்றில் படிந்திருந்த கறை வட்டங்களை எண்ணாமலிருக்க நான் கண்ணை மூடிக்கொள்வேன். மின்விசிறியையும் நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொருவராகப் பாட வேண்டும். ஒருவர் கழற்றிய ஹெட்ஃபோனை அந்த வேர்வையோடு அடுத்தவர் மாட்டிக்கொள்ள வேண்டும். பிறகு நம் குரலை மட்டும் தனியே போட்டுக் காட்டுவார்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்ட எருமை போல இருந்தது என் குரல்.

"ஏனுங்க ஐயா, சுதி விலகறத நேராக்கிரலாங்களா? கம்ப்யூட்டர்ல ஒரு அமுக்கு போதுமுங்க" என்றார் பாய்.

"உட்டுருங்க. கோணலா இருந்தாத்தான் அது அண்ணன் குரல்" என்றார் டீச்சர். பாராட்டா என்று இன்றுவரை தெரியவில்லை.

பதிவான பாட்டுகளைப் பாய் ஒரு அனிமே படத்தோடு சேர்த்து இணையத்தில் ஏற்றினார். நால்வர் வயதையும் கூட்டினால் இருநூற்று ஐம்பதைத் தாண்டும். ஆனால் பாட்டு ஓடும்போது திரையில் நிற்பது நீல முடியும் குட்டைப் பாவாடையுமாக ஒரு பெண். அவள் வாய்க்குள்ளிருந்து என் குரல் வந்தது. அதைப் பார்த்த அன்று இரண்டாம் முறை குளித்தேன்.

அந்த வருடக் கடைசியில் டீச்சரின் தொண்டையில் கட்டி கண்டது. அறுத்து எடுக்க வேண்டும், குரல் பழையபடி வருமென்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். அவர் அதிகம் விரும்பிய பாட்டு ஒன்று மட்டும் பதிவாகாமல் இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முதல் நாள் மதியம் நால்வரும் அந்த அறையில் கூடினோம். தனித்தனியாகப் பாட நேரமில்லை. ஒரே மைக்கைச் சுற்றி நின்றோம். நான்கு குரலும் சேரும் கடைசிச் சுரக்கூட்டு எங்கும் இறங்காமல் அந்தரத்தில் நிற்கும்படி டீச்சர் அமைத்திருந்தார். அதன்பின் மூன்று எண்ணும் நேரம் அமைதி. அந்த அமைதியும் பாட்டில் சேர்த்தி, யாரும் மூச்சுக்கூட விடக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

பாடினோம். அவ்வளவு சுத்தமாக நாங்கள் என்றும் பாடியதில்லை; சொல்லத்தான் வேண்டும். கடைசிச் சுரம் நின்றது. அசையாதீர்கள் என்பதற்காக டீச்சர் இடது உள்ளங்கையை உயர்த்தினார். ஆலயத்தில் கீர்த்தனை முடிந்ததும் அதே கையை அதே உயரத்துக்குத் தூக்குவார். உடனே நாங்கள் இரண்டு சுரத்தில் ஆமென் பாடுவோம். ஞாயிறுதோறும், வருடக்கணக்காக. நானும் நர்ஸம்மாவும் ஆமென் பாடினோம். கையைத் தூக்கிய டீச்சரே பாடினார். பாய் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் ஒருத்தந்தானுங்க சொன்னபடி நின்னேன்" என்றார். டீச்சர் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு இருமலானது. இன்னொரு முறை பாட முயன்றார். மேல் சுரம் ஏறவில்லை.

"ஆமென வெட்டிருங்க பாய். வாசல்ல நிக்க வெச்ச பாட்ட நாமளே கையப் புடிச்சு உள்ள இழுத்துப்போட்டோம். வெட்டிட்டு, ஆமெனோட இருக்கற முதல் பதிவ அழிச்சுருங்க" என்றார்.

வெட்டினால் அமைதியும் போய்விடும், அந்த இடத்தில் ஒன்றுமே இல்லாத வெற்றிடம் வரும் என்றார் பாய். வெற்றிடம் வேண்டாம், அறையின் அமைதிதான் வேண்டும் என்று டீச்சர் பிடிவாதமாக நின்றார். அதனால் பாட்டு தொடங்குவதற்கு முன்னால், நாங்கள் தயாராக நின்ற நேரத்தில் பதிவாகியிருந்த அமைதியில் மூன்று எண்ணிக்கை எடுத்துப் பாய் கடைசியில் ஒட்டினார். எனக்கு அது கள்ளத்தனமாகப் பட்டது. டீச்சர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அவருக்குக் குரல் திரும்பவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. அந்தக் காற்றிலேயே இரண்டு வருடம் கொயர் நடத்தினார்.

போன மாதம் அவரை அடக்கம் செய்தோம். நான்காம் நாள் சபைச் செயலாளர் என்னிடம் வந்தார். டீச்சர் பாடிய கடைசி வார்த்தை ஆமென், அது பாயிடம் இருக்கிறதாம் என்று நர்ஸம்மா கண்ணீரோடு சொல்லியிருக்கிறார். நினைவு ஆராதனையில் திரையில் போட வேண்டுமாம். எரியும் மெழுகுவத்தி, பறக்கும் புறா, மேகத்துக்குள் டீச்சரின் முகம் எல்லாம் தயார் செய்து கைபேசியில் காட்டினார். அந்த நீல முடிப் பெண்ணே தேவலை என்று தோன்றியது.

காந்திபுரம் போனேன். பாய் அழிக்கவில்லை. "கை வரலீங்க ஐயா" என்றார். போட்டுக் காட்டினார். டீச்சரின் ஆமென் என் கோணல் குரலுக்கு மேலே நேராக நின்றது. ஒரு முறைதான் கேட்டேன். இன்னொரு முறை கேட்டிருந்தால் நானும் மெழுகுவத்தி கேட்டிருப்பேன்.

"அவங்க அழிக்கச் சொன்னது எனக்கு மறக்கலீங்க. ஆனா ஆமென நான் அழிச்சேன்னு நாளைக்கு வெளிய பேசுனா அது வேற பேச்சாயிருமுங்க. நீங்க சொல்லுங்க, அழிக்கறேன்" என்றார் பாய்.

"நான் சொன்னேன்னு சொல்லுங்க. அழிங்க" என்றேன்.

செயலாளர் என்னோடு பேசுவதில்லை. "ஆமென அழிக்கச் சொன்ன கிறிஸ்தவன இப்பத்தான் பாக்கறேன்" என்று ஆலய வாசலில் நான்கு பேர் காதில் விழும்படி சொன்னார். நினைவு ஆராதனையில் புறா மட்டும் பறந்தது, பின்னணியில் ஏதோ கடையில் வாங்கிய வயலின்.

மைக்கை மாற்றியபோது பழைய பஞ்சு உறையைப் பாய் குப்பையில் போடப் போனார். நான் வாங்கி வந்தேன். வெந்நீரில் சோப்புப் போட்டு அலச வேண்டிய பொருள் அது. பேத்தி கையால் தொட மறுக்கிறாள். நானும் தொட்டபின் கை கழுவுகிறேன். மாலையில் சில நாள் அந்தப் பாட்டைப் போடுகிறேன், நீலத் தலையைப் பார்க்காமலிருக்கக் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு. கடைசிச் சுரம் வாசலில் வந்து நிற்கிறது. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று. அது பாடி முடித்தபின் வந்த அமைதி அல்ல. டீச்சர் வாயிலிருந்த கிராம்பைக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, பாடுவதற்கு நின்றுகொண்டிருந்த அமைதி. இழுப்பறையைத் திறக்கிறேன். வீச்சம் அடிக்கத்தான் செய்கிறது. கழுவவில்லை.