முட்டையைச் சுற்றிய சிவப்பு நூல்

பிரிஸ்பேனில் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்து ஓரம், சரளைக்கல் மேல் முட்டையிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது ஒரு கர்லூ பறவை. "யாராவது மிதித்துவிடுவார்கள், சுற்றிலும் நாடா கட்டலாமா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுக்காரர்.

தொண்ணூறுகளில், ஆரணியில், எனக்கு ஒன்பது வயது. தறியில் ஏற்றுமுன் பட்டு நூலைப் பாவாக நீட்டிக் கட்டும், ஊரை ஒட்டிய சேவூர் வெட்டவெளியில், ஆட்காட்டிக் குருவி கூடில்லாமல் வெறுந்தரையில் நான்கு முட்டை இட்டிருந்தது. கூழாங்கல் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"எல்லாரும் பாவு நூலையே பாத்துகினு நடப்பாங்க, கீழ எவன் பாப்பான்?" என்றார் அப்பா. நான்கு குச்சி நட்டு, கழிவுப் பட்டு நூலைச் சுற்றிக் கட்டினார். நல்ல அரக்குச் சிவப்பு. நிறத்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அன்று யாரும் மிதிக்கவில்லை. மறுநாள் காலை நூலுக்குள் உடைந்த ஓடு மட்டும் கிடந்தது. குச்சிமேல் காக்கை. குருவி கத்திக்கொண்டே மேலே சுற்றியது.

"காக்காவுக்கு நாமளே காட்டிக் குடுத்துட்டோம்மா" என்றார் அப்பா. நூலை அவிழ்க்கக்கூட இல்லை.

நாடா வேண்டாம் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். காரை எடுத்துத் தெருவில் நிறுத்திவிட்டு, பறவை இருந்த பக்கம் திரும்பாமல் வீட்டுக்குள் போனேன்.