வாயைத் திறக்காத ஒரு மணி நேரம்

மோட்டார் ரிப்பேர் கடையில் 'காயில்' கட்டும் வேலை பார்த்தவளை எல்லோரும் குறடு என்றே கூப்பிட்டார்கள். செம்புக் கம்பிச் சுருளை மோட்டாருக்குள் இறக்கி, பருத்திக் கயிற்றால் கட்டி, முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்குவாள். அப்படிப் பெயர் வைத்தது அண்ணன்தான். கடையும் அவனுடையது. கல்யாணமே வேண்டாம் என்று நாற்பதை எட்டிப் பிடித்தவள் அவன் குடும்பத்தோடுதான் இருந்தாள். நாள் முழுக்க இருவருக்கும் வாய்ச்சண்டை ஓயாது.

அன்று மத்தியானம் மூன்று மணி இருக்கும். பின்னறையில் வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தாள். முன்னால் ணங்கென்று ஒரு சத்தம். எதையோ கீழே போட்டுவிட்டான் என்று திட்டிக்கொண்டே வந்தாள். ஹெல்மெட் போட்ட இருவர் நின்றார்கள். ஒருவன் கையில் இரும்புத் தண்டு. அண்ணன் மண்டியிட்டுத் தலையைப் பிடித்திருந்தான். விரலிடுக்கில் ரத்தம் கொப்பளித்தது.

"செம்புதானே, எடுத்துட்டுப் போங்கடா" என்று சொல்லிக்கொண்டிருந்த அண்ணன் மேல்தான் தண்டு மறுபடி இறங்கியது. மூன்றாவது அடியின் சத்தம் வேறு மாதிரி இருந்தது.

அவள் அலறுவதற்குள் மற்றவன் பின்னாலிருந்து வாயைப் பொத்தினான். கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதை பல்லில் சிக்கியது. கடித்தாள். அவன் ஊளையிட்டு அவள் தலையை மேசை விளிம்பில் மோதினான். கீழ்ப்பல் இரண்டு முறிந்தன. விடவில்லை. இன்னொரு முறை மோதினான். சதை பிய்ந்து வாய்க்குள் வந்த பிறகுதான் அவன் கை விடுபட்டது. செம்பு மூட்டையோடு இருவரும் பைக்கில் பறந்தார்கள்.

பக்கத்து வெல்டிங் கடைக்காரர் தண்ணீரோடு ஓடிவந்தார். "கொப்பளிச்சுத் துப்புங்கக்கா, ரத்தமா வழியுது."

தலையை ஆட்டி மறுத்தாள். ஹெல்மெட்டுக்குள் இருந்த முகத்தை அவள் பார்க்கவில்லை. அவனைப் பிடிக்க அவளிடம் மிஞ்சியது வாய்க்குள் இருந்த அந்தத் துண்டுதான். உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

ஆம்புலன்சில் அண்ணனுக்கு நினைவு வந்து வந்து போனது. "பாப்பா... இருக்கியா?" என்றான். சின்ன வயதில் அப்படித்தான் கூப்பிடுவான். அவள் வாயைத் திறக்கவில்லை. கையை மட்டும் அழுத்தினாள். "பாப்பா" என்றான் இன்னொரு தடவை. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை.

டாக்டரம்மாவிடம் சைகையில் பேனா கேட்டு, சீட்டில் எழுதிக் காட்டினாள்: 'இது கொன்னவனோடது. பத்திரமா எடுங்க.' டாக்டர் இடுக்கியால் சதையை எடுத்துச் சின்னக் குப்பியில் போட்டார். பல்லிடுக்குகளைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி, உலர்த்தி, காகித உறையில் மூடி முத்திரை வைத்தார். அதற்கப்புறம்தான் அவள் வாய் கொப்பளித்தாள். அழுகை அப்போதுதான் வந்தது.

பிணவறை வாசலில் அண்ணி கேட்டாள், "கடைசியா என்ன சொன்னாரு?"

"என்னைத்தான் கூப்பிட்டாரு அண்ணி. நான் பேசல." காரணத்தையும் சொன்னாள்.

அண்ணி ஓங்கி ஓர் அறை விட்டாள். உதட்டில் போட்டிருந்த தையல் பிரிந்து ரத்தம் வந்தது. அப்புறம் அந்த ரத்தத்தை அவளே முந்தானையால் துடைத்தாள்.

பத்து நாள் கழித்துத் தடய அறிவியல் கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். அங்கிருந்த அதிகாரி அவள் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தேய்த்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியில எடுத்த பஞ்சுல உங்க எச்சிலும் இருக்கும். உங்க டிஎன்ஏ எதுன்னு தெரிஞ்சாதான் அவனோடத பிரிச்சுப் பாக்க முடியும்."

"அதுல என்னங்க தெரியும்?"

"பாதி அம்மா கொடுத்தது, பாதி அப்பா கொடுத்தது. டிஎன்ஏ ஒரு நீள எழுத்து வரிசை மாதிரி, பெரும்பகுதி எல்லாருக்கும் ஒண்ணுதான். சில இடத்துல மட்டும் ஒரே எழுத்துக்கூட்டம் திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை வருதுங்கறது ஆளுக்கு ஆள் மாறும். அப்படி இருபது இடத்துல எண்ணிப் பாப்போம்."

"ஒரே கம்பிதான், மோட்டாருக்கு மோட்டார் சுத்து மாறும். அந்த மாதிரியா?"

அதிகாரி சிரித்துவிட்டார். "அதேதான். ஆனா அவன் பேரு இதுல எழுதியிருக்காது. ஆளைப் பிடிச்சிட்டு வந்தா பொருத்திப் பாத்துச் சொல்லலாம்."

ஆள் தூரத்தில் இல்லை. அவர்கள் கடைக்கு மோட்டார் ஏற்றிவரும் வேன் டிரைவர்தான். அண்ணனோடு உட்கார்ந்து சாப்பிட்டவன். போலீஸ் விசாரிக்கப் போனபோது கையில் கட்டு. நாய் கடித்தது என்றான். அவன் மாதிரியை எடுத்து எண்ணியதில் இருபது இடமும் பொருந்தியது. நாலு தட்டு தட்டுவதற்குள் தண்டு பிடித்தவனையும் காட்டிக்கொடுத்தான். அவன் மச்சான்.

கோர்ட்டில் டிரைவரின் வக்கீல் நீட்டி முழக்கினார்: "என் கட்சிக்காரர் அந்தக் கடைக்கு வாராவாரம் போனவர். அவர் டிஎன்ஏ அங்க கிடைக்கறதுல என்ன அதிசயம்?"

"கடைக்கு வந்தான், சரி" என்றாள் குறடு. "என் வாய்க்குள்ள எதுக்குங்க வந்தான்?"

இருவருக்கும் ஆயுள் தண்டனை. தீர்ப்பைக் கேட்டபோது நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தாள், ஆகவில்லை. அந்த இரும்புத் தண்டால் டிரைவரை ஒரே ஒரு அடி அடிக்க வேண்டும் என்று கை அரித்தது. இன்றும் அரிக்கிறது.

இப்போது அண்ணியும் கடைக்கு வருகிறாள். மின்சாரம் கசியாமல் காயிலுக்கு அடியில் வைக்கும் காகிதத்தை நறுக்குவது அவள் வேலை. ஆம்புலன்ஸ் பேச்சை இருவரும் எடுப்பதில்லை. பட்டப்பகலிலும் ஷட்டர் பாதி இறங்கியே இருக்கும். ஹெல்மெட்டோடு எவனாவது குனிந்து நுழைந்தால் இருவரும் ஒரே குரலில் கத்துவார்கள்: "கழட்டிட்டு வா!"