பழ நிறத்தில் ஒரு பாட்டில்

என் தங்கைக்கு ஒரு நிறம் ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது. திரைச்சீலை, செருப்பு, கைப்பை எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். கட்டின புருஷனை மட்டும் எப்படி விட்டுவைத்தாய் என்று கேட்டால், "அவருக்குத்தான் சட்டையை மாத்திக்கிட்டே இருக்கேனே அக்கா" என்பாள். ஓரிடத்தில் உட்காராத கழுதை.

இந்தப் பரபரப்புக்குச் சம்பளம் கொடுக்கவும் ஒரு கம்பெனி இருந்தது. தரை துடைக்கும் திரவம் செய்கிற கம்பெனி. பாட்டிலையும் லேபிளையும் வடிவமைப்பது அவள் வேலை. உள்ளே இருக்கும் சரக்கு பதினைந்து வருஷமாக அதேதான். தோற்றம் பழசானால் கடைக்காரர் பின்வரிசைக்குத் தள்ளிவிடுவார் என்று முதலாளிக்குப் பயம். அதனால் எந்த நிறம் எடுபடுகிறது என்று துணிக்கடை, செல்போன் உறை, நகப்பூச்சு வரை மோப்பம் பிடித்துவிட்டு வருவாள். மாதிரியை அலமாரியில் வைத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பத்தடி தள்ளி நின்று பார்ப்பாள். மங்கலாகத் தெரியும்போதே கை அதை எடுக்கத் துடித்தால் பாஸ்.

போன வருஷம் எங்கு பார்த்தாலும் பழ நிறங்கள். இவளும் விடவில்லை. இளம் ஆரஞ்சுத் திரவம், கண்ணாடி மாதிரி பாட்டில், லேபிளில் அறுத்த பழத்துண்டு. முதலாளி சொக்கிப்போனார். "அடுத்த வாரம் அச்சுக்குப் போகுது அக்கா!" என்று மாதிரியோடு என் வீட்டுக்கு ஓடிவந்தாள். அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு, என்னோடு கதையளக்கச் சமையலறைக்குள் வந்துவிட்டாள்.

வேலை விட்டு வந்த என் கணவர் கண்ணாடியைக் கழற்றி முகம் துடைத்திருக்கிறார். நல்ல தாகம். நாங்கள் வெளியே வந்தபோது, மேஜையிலிருந்த ஆரஞ்சுத் திரவத்தை ஊற்றிய கண்ணாடித் தம்ளர் அவர் உதட்டருகே இருந்தது.

"ஐயையோ, மாமா!"

அவள் போட்ட கூச்சலில் தம்ளர் விழுந்து உடைந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "அறிவு இருக்காடி உனக்கு? சின்னக் குழந்தைங்க இருக்கிற வீட்டுல இதை வச்சா..." அவள் குனிந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினாள்.

மறுநாள் முதலாளியிடம் போய், அச்சை நிறுத்தச் சொல்லியிருக்கிறாள்.

"கடைக்காரங்க கிட்ட காட்டியாச்சும்மா. உனக்கு இஷ்டமில்லைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

"பார்த்துக்குங்க சார். அதுக்கு முன்னாடி கண்ணாடியைக் கழட்டிட்டு, இந்த ரெண்டு தம்ளர்ல எது ஜூஸ்னு சொல்லிடுங்க."

அவர் வெகுநேரம் பார்த்தாராம். கடைசியில் இரண்டையும் தள்ளிவைத்துவிட்டார்.

பாட்டில் கருநீலமானது, பழம் போய் லேபிளில் துடைப்பம் வந்தது. விற்பனை ஒன்றும் பிய்த்துக்கொண்டு போகவில்லை. வேலை மட்டும் தப்பியது.

நேற்று இந்த வருஷத்து மாதிரியோடு வந்து நின்றாள். இந்த முறை தன் கண்ணாடியைக் கழற்றவில்லை, என் கணவருடையதைக் கழற்றினாள்.

"மாமா, குடிக்கத் தோணுதா?"

"சீச்சீ, பார்த்தாலே குமட்டுதும்மா."

"அப்பாடா!" என்று நாற்காலியில் சாய்ந்தாள். அவர் உள்ளே போய்த் தண்ணீர் பிடித்தார். பச்சைத் தண்ணீரைக்கூட இப்போதெல்லாம் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார்.