ஆறு மணி நேர விருந்தாளி

பக்கத்து வீட்டு ஹில்டா இன்று காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினார். கையில் ஸ்லோ குக்கர், சாசேஜ், ஒரு பாட்டில் புளிக்கவைத்த முட்டைக்கோஸ்.

போன வாரம் அவர் சமைத்துக் கொடுத்த இதே பதார்த்தத்தை மரியாதைக்காகப் "பிரமாதம்" என்று சொல்லித் தொலைத்திருந்தேன். செய்துகாட்டவே வந்துவிட்டார்.

எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூட ஐந்து நிமிடம்தான். கிளம்பினார். என் வாய் சும்மா இருக்குமா? நம் வழக்கப்படி, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

"சரி" என்று உட்கார்ந்துவிட்டார்.

அது வேக ஆறு மணி நேரமாம்.

மதியத்துக்குள் அவருடைய இரண்டு முழங்கால் ஆபரேஷன்களையும் கேட்டு முடித்திருந்தேன். மாடியறையில் ஆபீஸ் வேலை பார்க்கும் கணவர், "போயாச்சா? பசிக்குது" என்று மெசேஜ் அனுப்பினார். வெந்துவிட்டதா என்று மூடியைத் திறக்கப் போனேன்.

"திறந்தால் இன்னும் அரை மணி நேரம் கூடும்" என்றார் ஹில்டா.

கையை எடுத்துவிட்டேன்.

நாலு மணிக்குச் சாப்பிட்டோம். இந்த முறை நிஜமாகவே நன்றாக இருந்தது. பயத்தில் வாயே திறக்கவில்லை.

ஆனால் வாசலில் வழியனுப்பும்போது, "அடிக்கடி வாங்க" என்று தானாக வந்துவிட்டது. ஹில்டா போனில் காலண்டரைத் திறந்தார்.

வியாழன் காலை பத்து மணிக்கு வருகிறாராம். அந்த நேரம் உங்களில் யார் வீட்டுக்கு நான் தப்பி வரலாம்? சாப்பிட மட்டும் சொல்லாதீர்கள், உட்கார்ந்துவிடுவேன்.