படத்தில் இல்லாத கண்ணீர்

நாலைந்து வருடங்களுக்கு முன், உப்புவெளியில் வெள்ளைக்காரர்கள் நிறைந்து கிடக்கும் வெயில் மாதத்தில் நடந்தது இது. கடற்கரையோரம் ஒரு விருந்தினர் விடுதியில் எனக்கு வேலை. அன்று லீவு போட்டிருந்தேன். என் மகளுக்குப் பல்லுக்கொழுக்கட்டை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு முதல் பல் எட்டிப் பார்த்ததும், வெள்ளைத்துணியில் இருத்தி, தலையில் கொழுக்கட்டை கொட்டுவோம். முன்னால் புத்தகம், பேனை, சங்கிலி என்று பரப்பி வைப்போம். பிள்ளை எதைத் தொடுகிறதோ, அதுதான் அதன் எதிர்காலமாம்.

இரண்டு மூன்று நாளாகவே பிள்ளைக்கு வயிற்றால் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் தண்ணீராய்ப் போனது. எனக்குப் பயம். என் அக்காவுக்கோ சந்தோசம்! மூன்று பிள்ளை வளர்த்தவள், எங்கள் வீட்டில் அவள் சொன்னால் சொன்னதுதான்.

"பல்லு வாற பிள்ளைக்கு வயித்தாலை போகத்தானே வேணும். ஆம்பிளையளுக்கு இதெல்லாம் எங்கை விளங்கப்போகுது? தண்ணியைக் குடுத்தால் இன்னும் போகும். நிப்பாட்டு. பாலையும் குறை."

பக்கத்து வீட்டுக்காரி கொத்தமல்லி அவித்துக் கொடுக்கச் சொன்னாள். இன்னொருத்தி அது சூடு என்றாள். கண்ணூறு என்று ஒருவர் மிளகாய் சுற்றிப் போட்டார். நான் எல்லாருக்கும் ஓம் ஓம் என்றேன். என் மனைவி யார் முகத்தைப் பார்ப்பதென்று தெரியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து திரிந்தாள். கடைசியில் விழாவன்று காலையில் வயிற்றால் போவது நின்றே விட்டது. "பாத்தியோ?" என்று அக்கா என் தலையில் குட்டினாள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

பிள்ளையை இருத்தினோம். சரிந்து சரிந்து விழுந்தாள், மனைவி பின்னால் பிடித்துக்கொண்டாள். புத்தகத்தையும் தொடவில்லை, சங்கிலியையும் தொடவில்லை. "இவ ராசாத்தி, ஒண்டுக்கும் ஆசைப்பட மாட்டா!" என்று ஒரே சிரிப்பு. கொழுக்கட்டை கொட்டும்போது முகத்தைச் சுளித்து, வாயைத் திறந்து, மெல்லிய குரலில் அழுதாள். எல்லாரும் கை தட்டினோம்.

படம் பிடிக்கக் கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். அவர் என்னைச் சுரண்டி ஒரு மூலைக்குக் கூட்டிப்போய், கமெராவில் ஒரு படத்தைப் பெருப்பித்துக் காட்டினார்.

"அண்ணன், கொழுக்கட்ட விழுறப்ப எல்லாப் புள்ளயும் கண்ணீர் கொட்டி அழும். அதத்தான் நான் கிட்டத்தில வெச்சு எடுக்கிற. இந்தப் புள்ள அழுறா, கண்ணீரக் காணல்லியே?"

"அதுக்கென்ன தம்பி?"

"எனக்கும் தெரியா அண்ணன். மனசுக்குச் சரியாப் படல்ல."

பார்த்தேன். வாய் அழுகிறது, கண் காய்ந்து கிடக்கிறது. கண்ணைச் சுற்றிக் குழி விழுந்திருந்தது. அது என் பிள்ளையின் முகம் போலவே இல்லை. நேரில் இவ்வளவு நேரமும் எனக்கு ஏன் தெரியவில்லை?

ஆஸ்பத்திரி என்று வாயெடுத்ததும் அக்கா பாய்ந்தாள். "நல்ல நாளும் அதுவுமாய் உனக்கென்ன விசரோ? சனம் சாப்பிட இருக்குது!" சபை முழுக்க என்னைப் பார்க்கிறது. வந்தவர்களுக்குச் சோறு போடுவதா, பிள்ளையைத் தூக்குவதா? சத்தியமாய் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்போது மனைவி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "இஞ்சாருங்கோ, இவள் பால் குடிக்கிறாளில்லை. கழுத்து நிக்குதில்லை."

அந்தத் தம்பியின் வான் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வார்ட்டில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. கையில் தேடி, காலில் தேடி, கடைசியில் தலையில் தேடினார்கள். தாதி, பிள்ளையின் முடியில் ஒட்டியிருந்த கொழுக்கட்டை மாவைத் துடைத்துத் துடைத்துத் தேடினார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஏலாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டொக்டர் ஓர் இளம் பெண். "தண்ணி ஏதும் குடுத்தனீங்களோ?"

"இல்லை டொக்டர், நிப்பாட்டிப்போட்டம். அதாலைதான் வயித்தாலை போறது நிண்டது."

"சுகமாகி நிக்கேல்லை, ஐயா. போறதுக்கு உடம்பிலை தண்ணி இல்லை."

பல் முளைப்பதால் வயிற்றால் போவதில்லையாம். கையிலோ பால் போத்தலிலோ தண்ணீரிலோ இருந்து கிருமி வயிற்றுக்குள் போயிருக்குமாம். "பாலை ஒருக்காலும் நிப்பாட்டாதேங்கோ. ஜீவனி கரைச்சுக் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பருக்குங்கோ. ஜீவனி தெரியும்தானே?"

ஜீவனி தெரியுமோவாம்! விடுதியில் வெள்ளைக்காரருக்கு வயிறு குழம்பினால் அந்த உப்பு-சீனித் தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறவனே நான்தான். எத்தனை பேருக்குக் கரைத்திருப்பேன். வீட்டில் மட்டும் அது ஏன் நினைவுக்கு வரவில்லை? அது நோய், இது பல்லு என்று என் மண்டைக்குள் யார் கோடு கீறியது?

பொழுது சாய்கிற நேரம், சேலைன் ஏறியபடி மடியில் கிடந்த பிள்ளை என் பட்டு வேட்டி நனையச் சலம் பெய்தாள். "பெஞ்சிட்டாள்! பெஞ்சிட்டாள்!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கட்டில் பிள்ளைகள் எல்லாம் எழும்பி அழத் தொடங்கின. வாசலில் நின்ற படத்தம்பி ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.

பின்னால் வந்து வெளியில் நின்ற அக்கா அதன் பிறகுதான் உள்ளே வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டு, "அப்ப என்ரை மூண்டும் எப்பிடியடா தப்பினது?" என்று என்னைக் கேட்டாள். அவளுக்குத் தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? கரைத்து வைத்திருந்த ஜீவனியையும் கரண்டியையும் அவள் கையில் கொடுத்தேன்.

மகள் இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறாள். தொட்டதற்கெல்லாம் அழுவாள். மற்றவர்கள் ஓடிப்போய் அவள் கண்ணைத் துடைத்துவிடுவார்கள். நான் துடைக்க மாட்டேன். அந்தக் கண்ணீர் கன்னத்தில் வழிந்து இறங்குகிற மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பேன், அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.