படத்தைப் பார்த்துச் சொன்ன கதை

என் மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது பாலர் பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஒரு படப் புத்தகம் பரிசாகக் கிடைத்தது. தமிழ்ப் புத்தகம். அட்டையில் பெரிய மீசை வைத்த ஒரு மாமா, கையில் குடையோடு நின்றார். காரில் ஏறியதுமே அதை என் மடியில் போட்டு, "படிங்க மா" என்றாள்.

எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

பேசுவேன். நன்றாகவே பேசுவேன். கோலா சிலாங்கூருக்கு வடக்கே எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் நான். தமிழ்ப் பள்ளிக்குப் பஸ் ஏறிப் போக வேண்டும். மலாய்ப் பள்ளி தோட்டத்து வாசலிலேயே இருந்தது. அப்பாவும் அம்மாவும் விடிவதற்குள் வேலைக்குப் போகிறவர்கள். நடந்து போகிற பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். இப்போது பட்டணத்தில், கார் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் கடையில் கவுண்டரில் வேலை. எல்லாம் மலாயும் ஆங்கிலமும்தான். வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தால் என் கணவர் படித்துச் சொல்வார். அவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர், செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். எனக்கு அது ஒரு குறையாகவே பட்டதில்லை, அந்தப் புத்தகம் மடியில் விழும்வரை.

"வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம்" என்றேன். வீட்டுக்கு வந்ததும் வேறு வழியில்லை. பக்கத்தைத் திறந்தேன். குளியலறையில் ஒரு தவளை. மாமா தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஏறி நிற்கிறார். அடுத்த பக்கத்தில் மின்னல். மாமா மேசைக்கு அடியில். அதற்கடுத்து ஒரு வாத்து துரத்த, மாமா குடையை விட்டுவிட்டு ஓடுகிறார். நான் படத்தைப் பார்த்துக் கதை சொன்னேன். இந்த மாமாவுக்கு யாரும் இல்லை, தனியாக இருக்கிறார், அதனால் எதைப் பார்த்தாலும் பயம். தவளையின் வீட்டில் வெள்ளம் வந்துவிட்டது, அதனால் அது இவர் வீட்டுக்கு வந்திருக்கிறது. மகள் மாமாவின் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"பாவம் மா. அவருக்கு பிஸ்கட் குடுக்கலாமா?"

மறுநாள் மீண்டும் அதே புத்தகம். தவளையின் வீட்டில் வெள்ளம் என்பதை மறந்து, பாம்பு துரத்தியது என்று சொல்லிவிட்டேன். "நேத்து வெள்ளம்னீங்க" என்றாள். அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும். கடையில் வேலை செய்யும்போதே பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தேன். கண்ணை எழுத்தின் மீது ஓட்டுவதுபோல் நகர்த்தக் கற்றுக்கொண்டேன். அப்படியும் ஒருநாள் ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இங்க குட்டியாதான் எழுதியிருக்கு. நீங்க மட்டும் ஏன் ரொம்ப நேரம் பேசுறீங்க?"

"தமிழ் அப்படித்தான்மா" என்றேன்.

கணவரிடம் கேட்டிருக்கலாம். அவர் எண்ணெய் ஆலையில் குலைகளை இறக்கிவிட்டு வருவதற்குள் அவள் தூங்கிவிடுவாள். கேட்பதற்கு வெட்கமாக இருந்தது என்பது ஒரு பாதி. நான் சொல்லும் கதையை அந்த எழுத்து பொய்யாக்கிவிடுமோ என்ற பயம் மறு பாதி.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி வாசலில் ஆசிரியை என்னை நிறுத்தினார். என்னைவிட இளையவர். "அக்கா, ஒரு நிமிஷம். இன்னிக்கு அந்த மீசை மாமா புக்க வகுப்புல படிச்சேன். பிள்ளைங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. உங்க மக மட்டும் அழுதுட்டா. 'சிரிக்காதீங்க, டீச்சர் தப்பா படிக்கிறாங்க'ன்னு ஒரே சத்தம். வீட்டுல எப்படிக்கா படிக்கிறீங்க?"

"அது வேற புக்கு போல டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தேன். எதற்குச் சிரித்தார்கள்? அந்தப் புத்தகத்தில் சிரிக்க என்ன இருக்கிறது?

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை அலமாரியின் மேல் ஒளித்து வைத்தேன். "புக்கு எங்க மா?" என்றவளிடம் காணவில்லை என்றேன். அவள் சோபாவுக்கு அடியில் படுத்துத் தேடினாள். மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் வேலை. ஒருவரின் வண்டி எண்ணை இருமுறை தப்பாக அடித்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடையை அடைத்ததும், பக்கத்து வீட்டில் விட்டிருந்த மகளை அங்கேயே இருக்கவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரே ஆலைக்குக் காரை விட்டேன்.

எடை போடும் இடத்துக்கு வெளியே லோரிகள் வரிசையாக நின்றன. என்னைப் பார்த்ததும் கணவர் பதறி இறங்கினார். "என்னாச்சு? பிள்ளைக்கு ஏதும்...?"

"ஒன்னுமில்ல. ஏறுங்க. இத எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

லோரிக்குள் புளித்த செம்பனை வாடை. அவர் புத்தகத்தை ஸ்டீயரிங்கில் சாய்த்து வைத்து முதல் பக்கத்தை வாசித்தார். "'எனக்கு எதற்குமே பயம் கிடையாது!' என்றார் மாமா." பக்கத்தைப் புரட்டினார். மாமா தொட்டியின் மேல் நடுங்கிக்கொண்டு நிற்கும் படம். "'தவளைக்குப் பயந்தா ஏறினேன்? மேலே நல்ல காற்று வருகிறது!'" மேசைக்கு அடியில் ஒளிந்திருக்கும் படத்தில், "'அடடா, இங்கே என்ன குளிர்ச்சி!'" வாத்து துரத்தும் படத்தில், "'தினமும் ஓடினால் உடம்புக்கு நல்லது.'" அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

எழுத்து ஒன்றைச் சொல்கிறது, படம் இன்னொன்றைக் காட்டுகிறது. சிரிப்பு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எனக்குக் கிடைத்தது படம் மட்டும். அதில் இருந்தது வெறும் பயம். அதைத்தான் அவளுக்குக் கொடுத்திருக்கிறேன், இரண்டு மாதமாக.

கடைசிப் பக்கத்தில் எழுத்தே இல்லை. "முடிஞ்சிருச்சு" என்று அவர் புத்தகத்தை மூடப் போனார்.

"இருங்க. அதுல பாத்தீங்களா?"

"எங்க? ஒன்னும் எழுதலையே."

மழையில் மாமா படியில் உட்கார்ந்திருக்கிறார். குடை அவர் தலைக்கு மேல் இல்லை. பக்கத்தில் இருக்கும் தவளைக்கு மேல் இருக்கிறது. அவர் நனைகிறார். விரலை வைத்துக் காட்டினேன். கணவர் குனிந்து பார்த்தார். "ஆமா லா" என்றார். பின்னால் இருந்த லோரி ஹாரன் அடித்தது.

மாலையில் வீட்டுக்குப் போய் மகளை உட்கார வைத்துச் சொன்னேன். "அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. படத்தப் பாத்துத்தான் சொன்னேன். புக்க ஒளிச்சு வச்சதும் நான்தான்."

அவள் என்னையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "பொய் சொன்னீங்க" என்றாள். ஆமாம் என்றேன். எழுந்து அறைக்குள் போய்விட்டாள். நான் கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே அப்பாவிடம் புத்தகத்தைக் கொண்டுபோனாள். அவர் படித்தார், சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மேசைக்கு அடியில் இருந்த மாமாவை உற்றுப் பார்த்துவிட்டு, "வெளிய அப்படி சொல்றாரு. உள்ள பயம். அம்மா சொன்னது உள்ள இருக்கறது" என்றாள். பிறகு வாத்துப் பக்கத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வாரம் ஆசிரியையிடமும் உண்மையைச் சொன்னேன். அவர் ஓர் அரிச்சுவடியைக் கொடுத்தார். மகள் ஆறு மாதத்தில் என்னைத் தாண்டிவிட்டாள். நான் எழுத்துக்கூட்டிப் படிக்க ஒன்றரை வருடம் ஆனது. ழகரமும் ளகரமும் இன்னும் தடுமாறுகின்றன. இதை எழுதும்போதும் மூன்று இடத்தில் அவள்தான் திருத்தினாள்.

இப்போது அவளுக்குப் பத்து வயது, படமில்லாத தடித்த புத்தகங்கள் படிக்கிறாள். கிள்ளானில் புத்தகக் கடைக்குப் போனால் படப் புத்தகங்களின் பக்கம் நிற்பவள் நான்தான். முதலில் எழுத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பார்ப்பேன். பிறகு கையை எடுத்து வாசிப்பேன். போன மாதம் எடுத்த ஒன்றில், நாய் ஓடுகிறது என்று எழுதி, நாய் ஓடும் படத்தையே போட்டிருந்தார்கள். எனக்குக் கோபமே வந்தது. பிள்ளை எதைத் தேடுவாள் இதில்?

"மா, நேரமாச்சு" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தேன். "இது ஒன்னு மட்டும்" என்றேன்.